ஆவடிப் பக்கம் போட்டு வாங்கப் போனோம்

கடலே இல்லாத ஊருக்கு மீன்பிடிப் போட்டு வாங்கப் போகிறோம் என்று சொன்னதும் எங்கள் தெருவில் சிரிக்காத ஆள் இல்லை. ஐஸ் கம்பெனி வாசலில் நின்றவர்கள், வலையையும் எடுத்துப் போங்கள், அங்கேயே போட்டுப் பார்த்துவிட்டு வரலாம் என்று வழியனுப்பினார்கள். சிரிக்கட்டும். எங்கள் தூத்துக்குடிக் கரையில் நல்ல நிலையில் ஒரு பழைய போட்டு விலைக்கு வந்தால், அந்தச் செய்தி நம் காதுக்கு எட்டுவதற்குள் நாலு பேர் முன்பணம் கொடுத்திருப்பார்கள். அம்பத்தூரில் ஒன்றும் வேப்பம்பட்டில் ஒன்றும் கேட்பாரற்றுக் கிடக்கின்றன என்று ஆவடியில் இருக்கும் என் பெரியம்மா மகள் ரெஜினா போனில் சொன்னாள். நான், என் வீட்டுக்காரர் கஸ்பார், என் தம்பி ராயன், மூன்று பேரும் கிளம்பிவிட்டோம்.

எனக்குப் பாஸ்போர்ட் கிடையாது. ஆனால் அலைச் சத்தம் கேட்காத ஊரில் மூன்று ராத்திரி தூங்கியிருக்கிறேன். என் கணக்கில் அது வெளிநாடுதான்.

போட்டு பார்க்கப் பொம்பிளை எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு, அது நான் போட்ட சட்டம். ஒரே போட்டில் நம் வீட்டு ஆண்கள் இரண்டு பேர் ஏறக் கூடாது. என் அப்பாவும் மூத்த அண்ணனும் ஒரே போட்டில் போனவர்கள். காலையில் போய் மாலையில் வருவதாகத்தான் சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்குமேல் அதை எழுத எனக்கு விருப்பமில்லை. எங்கள் கரையில் என்னைப்போல் சட்டம் வைத்திருக்கும் வீடுகள் இன்னும் பல இருக்கின்றன. அதனால் என் வீட்டுக்காரரும் தம்பியும் இத்தனை வருஷமாக ஆளுக்கொரு முதலாளியிடம் ஆளுக்கொரு போட்டில் தொழில் பார்த்தார்கள். இப்போதுதான் இருவரும் சேர்ந்து சொந்தமாக ஒன்று வாங்குவது என்று ஆரம்பித்தார்கள்.

அங்கேதான் வந்தது வம்பு. அம்பத்தூரில் கிடந்தது இருபத்தெட்டு அடி. விடியுமுன் போய்ப் பொழுது சாயுமுன் திரும்புகிற போட்டு. அதில் கூலிக்கு ஆள் வைத்தால் கட்டாது, வீட்டு ஆள் இரண்டு பேரும் ஏறினால்தான் ஓடும். வேப்பம்பட்டில் கிடந்தது முப்பத்தெட்டு அடி. ஐஸ் ஏற்றிக்கொண்டு போனால் நாலைந்து நாள் கடலிலேயே தங்கலாம். கூலி ஆட்களை வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் போவார், ராயன் கரையில் நின்று ஐஸும் டீசலும் விற்பனையும் பார்க்க வேண்டும். என் வீட்டுக்காரருக்குப் பெரியதுதான் வேண்டும், என் சட்டமும் தப்பாதாம். ராயனுக்குச் சின்னதுதான் வேண்டும். கரையில் உட்கார வைத்தால் பஹ்ரைனுக்குக் கிளம்பிவிடுவேன் என்று சொல்லியிருந்தான், அங்கே மீன்பிடி வேலைக்கு ஒருத்தர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். மாறி மாறிப் போங்களேன் என்று சொல்லிப் பார்த்தேன். என் வீட்டுக்காரரைக் கரையில் உட்கார வைத்தால் மூன்றாம் நாள் ஊரில் பாதிப் பேரோடு சண்டை போட்டுவிடுவார் என்று அவரே ஒத்துக்கொண்டார். கடைசியில் இருவரும் சேர்ந்து, முடிவை நீயே சொல் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

ரெஜினாவின் வீட்டுக்காரருக்கு ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை. குவார்ட்டர்ஸ் வீடு. இந்தப் பக்கம் மதுரைக்காரர்கள், அந்தப் பக்கம் வேலூர்க்காரர்கள், மாடியில் ஆந்திர எல்லையிலிருந்து வந்த குடும்பம். தெருவெல்லாம் வேப்ப மரமும் வாகை மரமும். இவ்வளவு நிழலை எங்கள் ஊரில் ஒரே இடத்தில் நான் பார்த்ததில்லை. போய் இறங்கிய அன்று மத்தியானம் எங்களைக் கௌரவிக்க வேண்டும் என்று ரெஜினா வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைத்திருந்தாள். பாவம், எந்தக் கடலில் எந்த மாதம் பிடித்ததோ, ஐஸிலேயே குடியிருந்த மீன். என் வீட்டுக்காரர் ஒரு துண்டை வாயில் வைத்துவிட்டு மேலே ஃபேனைப் பார்த்தார். நான் மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். ராயன் மட்டும் ரசித்துச் சாப்பிட்டு இரண்டாம் தரம் சோறு கேட்டான். அக்கா வீட்டில் மட்டுமில்லை, எந்த வீட்டிலும் அவன் அப்படித்தான்.

சாயங்காலமே அம்பத்தூருக்குப் போனோம். தொழிற்பேட்டைக்குள் ஒரு ஃபைபர் பட்டறை. வாசலில் தண்ணீர்த் தொட்டிகள், பூங்காக்களில் குழந்தைகள் சறுக்கி விளையாடும் யானைகள், கை இல்லாத ஒரு பெரிய பொம்மை. அவற்றைத் தாண்டி உள்ளே எங்கள் சின்னப் போட்டு நீலப் பெயிண்ட்டில் உட்கார்ந்திருந்தது. ரிப்பேருக்குக் கொண்டு வந்து விட்ட ஆள் வேறு தொழிலுக்குப் போய்விட்டாராம், விற்றுக் கொடுத்துவிடு என்று பட்டறைக்காரரிடமே சொல்லிவிட்டாராம். பட்டறை மேஸ்திரி பேச்சு எனக்கு முதலில் பாதிதான் விளங்கியது. தமிழ்தான், ஆனால் எங்கள் ஊர்த் தமிழ் நடந்து போனால் இது ஓடிப் போய் பஸ் ஏறுகிறது.

என் வீட்டுக்காரர் விரல் முட்டியால் அடித்தட்டை அங்குலம் அங்குலமாகத் தட்டிக் காது வைத்துக் கேட்டார். உள்ளே ஃபைபர் விட்டுப்போயிருந்தால் சத்தம் மாறும். ராயன் அடியில் படுத்து டார்ச் அடித்தான். இதெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த மேஸ்திரிக்குப் பொறுமை போய்விட்டது.

"இன்னா அண்ணாத்தே, கதவு தட்ற மாதிரி தட்டிகினே கீறே? தண்ணி வுட்டுப் பாத்துட்டா மேட்டரு முட்ஞ்சுது" என்றார்.

எங்கே கொண்டுபோய் இறக்குவீர்கள், பக்கத்தில் ஏரி இருக்கிறதா என்று ராயன் ஆவலாகக் கேட்டான். மேஸ்திரி ஒரு குழாயை இழுத்து வந்து போட்டுக்குள்ளே தண்ணீரைத் திறந்துவிட்டார். அவர் அத்தனை தண்ணீர்த் தொட்டியையும் இப்படித்தான் சோதிக்கிறாராம். உள்ளே ஊற்றிய தண்ணீர் வெளியே வரவில்லையென்றால், வெளியே இருக்கிற தண்ணீர் மட்டும் எப்படி உள்ளே வரும் என்று எங்களைத் திருப்பிக் கேட்டார்.

என் வீட்டுக்காரர் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டார். கடல்காரன் பிழைப்பே போட்டுக்குள் தண்ணீர் வராமல் பார்த்துக்கொள்வது. இங்கே ஒரு மனுஷன் சிரித்த முகத்தோடு குழாய் போட்டு ஊற்றுகிறார். போட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் ஏறுவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை, வெளியே போய் ஃபைபர் யானை பக்கத்தில் நின்றுகொண்டேன். உள்ளே ராயன் விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம் கேட்டது. அரை மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார்கள். அடியில் ஒரு சொட்டு ஈரமில்லை. மேஸ்திரி மீசையைத் தடவிக்கொண்டார். சின்னப் போட்டு நல்ல போட்டுதான் என்பதில் சந்தேகமே இல்லாமல் போயிற்று, அதுதான் எனக்குக் கஷ்டமாகவும் இருந்தது. ஓட்டை என்றிருந்தால் நான் எதையும் முடிவு செய்ய வேண்டியிருக்காது.

மறுநாள் காலை ஆவடி ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு கடையில் இட்லிக்கு வடகறி ஊற்றிக் கொடுத்தார்கள். மீந்த வடையை உதிர்த்துப் போட்ட குழம்பு என்று ரெஜினா விளக்கம் சொன்னாள். எங்கள் ஊரில் வடை மீந்ததாகச் சரித்திரமே இல்லை, அதனால்தான் நாங்கள் இதைக் கண்டுபிடிக்கவில்லை போலிருக்கிறது. ருசி அபாரம். ராயன் என் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்து, இட்லி தீரத் தீர இன்னொன்று வைக்கச் சொன்னான். தம்பிக்கு என்மேல் திடீரென்று இவ்வளவு பாசம் ஏன் என்று எனக்குத் தெரியாதா?

வேப்பம்பட்டுக்கு மின்சார ரயில். வந்த வண்டியில் ஏறிவிட்டோம். அது ஃபாஸ்ட் லோக்கலாம். ரெஜினாவும் பேச்சு சுவாரசியத்தில் கவனிக்கவில்லை. திருநின்றவூரில் நின்றது. அடுத்தது நம்முடையது என்று என் வீட்டுக்காரர் வாசலுக்குப் போய் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தயாராக நின்றார். வேப்பம்பட்டு வந்தது, பெயர்ப் பலகையைச் சத்தமாக வாசித்தார், வாசித்து முடிப்பதற்குள் ஊர் போய்விட்டது. எதிர் சீட்டில் இரண்டு அம்மாக்கள் தெலுங்கில் ஏதோ பேசிச் சிரித்தார்கள். மாடி வீட்டுப் பழக்கத்தில் ரெஜினாவுக்குத் தெலுங்கு அத்துப்படி. என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். "இந்த ஆள் ஊரை வேடிக்கை பார்க்கத்தான் டிக்கெட் எடுத்திருக்கிறார் போல" என்கிறார்களாம். திருவள்ளூர் வரைக்கும் போய்த் திரும்பி வந்தோம். கடலில் கண்ணை மூடிக்கொண்டு பாறை எங்கே இருக்கிறது என்று சொல்லக்கூடியவர் என் வீட்டுக்காரர். அதை நானே அந்த அம்மாக்களிடம் சொல்லியிருப்பேன், பாஷைதான் தெரியவில்லை.

பெரிய போட்டைப் பார்த்ததும் மூன்று பேரும் அப்படியே நின்றுவிட்டோம். சுற்றிலும் புது வீடுகள், மொட்டை மாடிகள், துணி காயும் கொடிகள். அவற்றுக்கு நடுவில் ஒரு மனை நிறைய வெள்ளை வெளேரென்று முப்பத்தெட்டு அடிப் போட்டு. அணியத்தில், அதுதான் போட்டின் முன்பக்கம், சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தது. அதன் சொந்தக்காரர் தணிகாசலம், ரெஜினா வீட்டுக்காரர் வேலை பார்க்கும் அதே தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு பழவேற்காட்டில் கொண்டுபோய் விட்டு ஆட்களை ஏற்றிக் கடலைச் சுற்றிக் காட்டலாம் என்று ஒரு வேகத்தில் வாங்கிவிட்டாராம். வீட்டம்மா ஒரே வார்த்தையில் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். அன்றிலிருந்து போட்டு இங்கேயே நிற்கிறது. மனுஷன் ஒருநாள்கூடக் கடலில் போனதில்லை, ஆனால் ஆயுத பூஜை தவறாமல் பொட்டு வைத்து இன்ஜினைக் கிளப்பிவிடுகிறார். தெருவே வந்து சுண்டல் வாங்கிக்கொண்டு போகுமாம். அவர் சாவியைத் திருப்பினார், முதல் தட்டிலேயே இன்ஜின் பேசியது. என் வீட்டுக்காரர் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். பெண் பார்க்க வந்த அன்று என்னை அப்படிப் பார்க்கவில்லை.

நாள் முழுக்க அங்கேதான். அடித்தட்டு, சுக்கான், ஐஸ் பெட்டி, டீசல் டாங்கி என்று, ஒருவர் ஏறினால் மற்றவர் கீழே நின்று, ஒன்று விடாமல் பார்த்தார்கள். ராயன்கூட ஒரு குறை சொல்ல முடியாமல் தவித்தான். மத்தியானம் தணிகாசலம் வீட்டம்மா திருநின்றவூர் ஏரி விரால் வறுத்துப் போட்டார். ஏரி மீன் மண் வாசம் அடிக்கும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்த என் வீட்டுக்காரர் முள்ளைக்கூட மிச்சம் வைக்கவில்லை. ரெஜினாவின் வஞ்சிரத்துக்கு நான் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

திரும்பும்போது ஸ்டேஷன் வாசலில் என் வீட்டுக்காரர் எனக்கு முல்லைப்பூ வாங்கினார். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவர் தானாகப் பூ வாங்கியது அது இரண்டாவது தரம், முதல் தரம் என் அம்மா காசு கொடுத்து அனுப்பியிருந்தார். உடனே ராயன் ஓடிப்போய் எனக்கு ஐஸ்கிரீம் வாங்கி வந்தான். தலையில் பூ, கையில் கோன், இரண்டு பக்கமும் இரண்டு ஆம்பிளைகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். இந்த மரியாதை எனக்கு வேறெங்கே கிடைக்கும்? ரெஜினா தன் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு இதையெல்லாம் சொல்லிச் சிரித்தாள். எனக்குத்தான் அந்த ஐஸ்கிரீம் கையிலேயே கரைந்து வழிந்தது.

அன்று சாயங்காலம் குவார்ட்டர்ஸ் மரத்தடியில் ராயனைத் தனியாகப் பிடித்தேன். நிஜமாகவே பஹ்ரைன் போய்விடுவாயா, என்னை மிரட்டுகிறாயா என்று கேட்டேன். அவன் கோபப்படவில்லை.

"மிரட்டலக்கா. கடல்ல ஏறாம கரையில நின்னு ஐஸ் ஒடைக்க என்னால ஏலாது. ஆனா அங்கயும் போட்டுதான். யாரு போட்டோ, எந்தக் கடலோ. அதுல நான் ஏறுனா மட்டும் ஒனக்குப் பயம் இருக்காதா?" என்றான்.

அவனை அடிக்க வேண்டும் போலிருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல், போய் முகம் கழுவு என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் என் வீட்டுக்காரர் விடிகாலையிலேயே குளித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை, அவரோ பெரிய போட்டை ஊருக்குக் கொண்டுபோக டிரெய்லர் லாரி பேச வேண்டும் என்று நிற்கிறார். பேசி வைப்பதில் தப்பில்லையே என்றார். டிரெய்லர்காரர்கள் பூந்தமல்லிப் பக்கம் இருக்கிறார்கள். திருவேற்காடு வழியாகப் போகும் ஷேர் வேனில் ஏறினோம். வேனில் உட்காருகிற இடத்தைவிட ஒட்டிக்கொள்கிற இடம்தான் அதிகம். அன்று வெள்ளிக்கிழமை, கோயிலுக்குப் போகிற பெண்கள் எலுமிச்சம்பழ மாலையோடு ஏறி, திருவேற்காட்டில் இறங்கினார்கள். என் வீட்டுக்காரர் மடியில் யாரோ ஒரு தேங்காய்ப் பையை வைத்துவிட்டு இறங்கும்போது சரியாக எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை, நன்றி சொல்லவும் இல்லை. அந்த நம்பிக்கை எனக்குப் பிடித்திருந்தது.

பூந்தமல்லியில் ஒரு டிரெய்லர்காரர் கிடைத்தார். எங்கே இருந்து எங்கே, எத்தனை அடி என்றெல்லாம் கேட்டவர், இடத்தைப் பார்க்காமல் பேச மாட்டேன் என்று தன் காரிலேயே எங்களை வேப்பம்பட்டுக்கு ஏற்றி வந்தார். வந்து இறங்கினார். போட்டை ஒரு பார்வை பார்த்தார். பிறகு போட்டைப் பார்க்கவே இல்லை. தெருவைப் பார்த்தார், மேலே கரண்ட்டுக் கம்பியைப் பார்த்தார், பக்கத்துச் சுவரைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார்.

"எல்லாம் சரி அண்ணாத்தே, இத்த எப்டி வெளிய எட்த்துகினு போவே?" என்றார்.

நாங்கள் மூன்று பேரும் அப்போதுதான் திரும்பிப் பார்த்தோம். முந்தின நாள் முழுக்க ஆணி ஆணியாகப் பார்த்தோமே, இது வெளியே வருமா என்று ஒருத்தருக்காவது தோன்றியதா? கடல்காரனுக்குப் போட்டைச் சுற்றி எப்போதும் இடம் இருக்கும். கரையில் இழுத்துப் போட்டாலும் நாலு பக்கமும் மணல்தான். வழி என்று ஒன்று தேவைப்படும் என்பதே எங்கள் புத்திக்கு எட்டவில்லை. போட்டு வந்தபோது இங்கே எல்லாமே காலி மனையாம், லாரி பின்பக்கமாகவே வந்து இறக்கிவிட்டுப் போனதாம். அப்புறம் வீடுகள் வந்தன. ஒரு பெரிய மழையில் போட்டு மிதந்து குறுக்கே வேறு திரும்பிக்கொண்டது. இப்போது முன்னால் தணிகாசலம் வீட்டுப் படிக்கட்டு, பின்னால் அடுத்த வீட்டு மதில். கிரேனில் தூக்கலாம் என்றால் மேலே கம்பிகள். தணிகாசலம் தலையைச் சொறிந்துகொண்டு, நானும் இதை யோசிக்கலையே என்றார். அவரை மட்டும் எப்படிக் குறை சொல்வது?

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அப்பாடா என்று இருந்தது. பெரியது கிடையாது என்று ஆகிவிட்டது, ஆனால் நானாக எதையும் சொல்லவில்லை. சின்னதுதான் கதி என்று எல்லாரும் போய்விடுவார்கள். பிறகு கடலில் எது நடந்தாலும் அது என் வாயால் வந்ததாக இருக்காது. அந்த நிம்மதி ஒரு காப்பி குடிக்கிற நேரம்கூட நீடிக்கவில்லை. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு சரோஜா அம்மா வெளியே வந்தார். அந்த மதில் அவருடையது. போட்டின் மேல்தட்டில் அப்பளம் காயப் போட்டிருந்ததும் அவர்தான்.

"அந்த மழைல எங்க ஊட்டுக்குள்ள கழுத்து மட்டும் தண்ணி. தெருவே இதுக்குள்ள ஏறித்தான் குந்திகினு இருந்தோம். உங்க பொயப்புக்கு குறுக்க நான் நிக்கமாட்டேம்மா. செவுர இட்ச்சிக்கோ, அப்பால கட்டிக் குட்த்துடு, அவ்ளோதான்" என்றார்.

டிரெய்லர்காரர் மதிலை அடியால் அளந்து பார்த்து, இடித்தால் வரும் என்றார். பந்து திரும்பவும் என்னிடமே வந்துவிட்டது. அளப்பதற்குத் துணையாக இரண்டு பேரும் போட்டுக்குள் ஏறினார்கள். என் வீட்டுக்காரர் ஸ்டியரிங் பக்கம் நின்றார். ராயன் முன்னால் போய் நின்று, படிக்கட்டுக்கும் போட்டுக்கும் எவ்வளவு இடைவெளி என்று பார்க்கிறேன் பேர்வழி என்று விளையாட ஆரம்பித்துவிட்டான். நாய் ஒன்று குறுக்கே போயிற்று. இடப்பக்கம் ஒடிங்க அத்தான், சுறா வருது என்று கத்தினான். என் வீட்டுக்காரரும் நிஜமாகவே ஸ்டியரிங்கை ஒடித்தார். நாற்பத்தெட்டு வயது ஆம்பிளை, நடுத்தெருவில், சுறாவுக்குப் பயந்து! இருவரும் சிரித்த சிரிப்பில் மாடியில் துணி காயப்போட்டவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

நான் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இவர்கள் இரண்டு பேரையும் ஒரே போட்டில் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. இருபது வருஷம், ஒரே ஊரில், ஒரே கடலில், ஒரே அடுப்பில் சாப்பிட்டும் ஒருநாள்கூடச் சேர்ந்து தொழிலுக்குப் போனதில்லை. காரணம் நான். இரண்டு தலையும் ஒரே போட்டில் தெரிகிற அந்தக் காட்சியைத்தான் நான் இத்தனை நாள் கண்ணால் பார்க்காமல் இருக்கச் சட்டம் போட்டிருந்தேன். ஆனால் பார்த்தபோது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அழுகை வந்துவிட்டது. சரோஜா அம்மா பதறிப்போய், செவுரு போனா போவுது, நீ இன்னாத்துக்கு அய்வுறே என்று என் தோளைப் பிடித்தார்.

பெரியதை எடுத்தால் ஒருத்தர் கடலில், ஒருத்தர் கரையில் என்றுதான் என் கணக்கு. ஆனால் ராயன் கரையில் நிற்கப் போவதில்லை. என் சட்டம் என் தம்பியைக் காப்பாற்றாது, என் கண்ணுக்கு எட்டாத கடலுக்குத்தான் அனுப்பும். அங்கே அவன் பக்கத்தில் நிற்க என் வீட்டுக்காரர் இருக்க மாட்டார். இங்கே என் வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்க அவன் இருக்க மாட்டான்.

கீழே இறங்கச் சொன்னேன். இருவரும் பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பையன்கள் மாதிரி வந்து நின்றார்கள்.

"சின்னத எடுப்போம். ரெண்டு பேரும் ஏறுங்க" என்றேன்.

என் வீட்டுக்காரர் பெரிய போட்டைத் திரும்பி ஒருமுறை பார்த்தார். சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன்.

"நீ நெசமாத்தான் சொல்லுதியா பிலோமி?" என்று கேட்டார்.

"சொல்லிட்டேன். திருப்பிக் கேட்டா மாத்திருவேன்."

அவர் திருப்பிக் கேட்கவில்லை. ராயன் குனிந்து தரையில் கிடந்த என் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான். தணிகாசலத்துக்கு விற்பனை போனதில் வருத்தமா, போட்டு தங்கியதில் சந்தோஷமா என்று முகத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. எல்லாருக்கும் டீ போடச் சொல்லிவிட்டு, துணியை எடுத்து ஸ்டியரிங்கைத் துடைக்கப் போய்விட்டார். சரோஜா அம்மா உடனே மேலே ஏறி அப்பளத்தைத் திருப்பிப் போட்டார். டிரெய்லர்காரர்தான் பெரிய மனது பண்ணினார், சின்னது எங்கே கிடக்கிறது, அதை நானே ஏற்றித் தருகிறேன் என்றார்.

ஆவடிக்குத் திரும்புகிற ரயிலில் அடுத்த வம்பு ஆரம்பமாகிவிட்டது. சின்னப் போட்டில் சுக்கானை யார் பிடிப்பது? வயதுக்கு மரியாதை வேண்டாமா என்றார் அவர். கண்ணாடி போடாமல் ஸ்டேஷன் பெயரையே லேட்டாக வாசித்தவருக்குச் சுக்கானா என்றான் இவன். இதற்கும் முடிவை என்னிடம் கேட்டார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஊருக்கு வந்து, மாதா கோயில் சாமியாரைக் கூப்பிட்டுப் போட்டை மந்திரித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, கடலில் இறக்கினோம். முதல் நாள் தொழிலுக்கு விடியுமுன் இருவரும் கிளம்பினார்கள். பயமில்லை என்று சொன்னால் பொய். அன்று நான் உலை வைக்கவில்லை. மத்தியானத்திலிருந்தே கரைக்குப் போய் நின்றுவிட்டேன், வெயில் தலையைப் பிளந்தது. ஐஸ் கம்பெனிக்காரர்கள் நாற்காலி போட்டார்கள், உட்கார முடியவில்லை. மற்ற போட்டுகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. பொழுது மேற்கே இறங்கத் தொடங்கியபோது தூரத்தில் நீலமாக ஒன்று தெரிந்தது. அருகில் வர வர ஒரு தலை தெரிந்தது. ஒன்றுதான் தெரிந்தது. நான் தண்ணீருக்குள் இறங்கிவிட்டேன். பிறகு வலைக் குவியலுக்குப் பின்னாலிருந்து இன்னொரு தலை எழுந்தது. இன்ஜின் சத்தத்தையும் மீறிக் கேட்டது, இருவரும் சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள்.